ஒரே கொட்டகையில் இரு போட்டியாளர்

ஒரே முதலாளியிடம் ஊதியம் பெறும் இருவர். ஒரே வண்ணம் பூசிய இரு வண்டிகள். பழுது பார்ப்போர் வேலை செய்யும் கொட்டகையும் ஒன்றே. ஆயினும் அவ்விருவருள் ஒருவர் மற்றவரை வென்றாலன்றித் தம் பெயரை நிலைநாட்ட இயலாது. பிற விளையாட்டுகளில் எளிதிற் காணவியலாத இவ்விந்தை, ஃபார்முலா ஒன்று எனப்படும் மோட்டார்ப் பந்தயத்தில் அன்றாட நிகழ்ச்சியாகும்.

'ஃபார்முலா' என்னும் சொல்லுக்கு வாய்பாடு என்றும் சூத்திரம் என்றும் அகராதிகள் பொருள் கூறும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் முதலில் இவற்றுள் ஒன்றைப் பெய்து பார்த்தோம், பொருந்தவில்லை. இங்கே அச்சொல் குறிப்பது வண்டியின் எடை, எந்திரத்தின் கொள்ளளவு, சக்கரத்தின் அகலம் முதலியவற்றை வரையறுக்கும் விதித் தொகுப்பையே. எனவே மூலச் சொல்லையே ஆண்டுள்ளோம். ஓட்டுநருக்கான உலகப் பட்டம் 1950ஆம் ஆண்டு முதலும், வண்டியைக் கட்டும் அணிக்கான பட்டம் 1958ஆம் ஆண்டு முதலும் வழங்கப்பட்டு வருகின்றன. பட்டங்கள் இரண்டாக இருப்பதுதான் சிக்கலின் வேர். தம் வண்டிகள் இரண்டும் முன்னணியில் வந்து சேர்ந்தாற் போதும் என்பது அணித் தலைவரின் எண்ணம். அவற்றுள் எது முதல், எது இரண்டாவது என்பது ஓட்டுநரின் கவலை. மேலும், பிற அணியாரிடம் தோற்றவர் வண்டியைக் குறை கூறித் தப்பலாம். தம்மைப் போன்ற வண்டியையே ஓட்டுபவரிடம் தோற்றவர் எதைக் குறை கூறுவார்?

இதற்குச் சான்றாக 1988 முதல் 1990 வரை நிகழ்ந்த ஒரு போட்டியை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1988ஆம் ஆண்டில் மக்லாரன் என்னும் ஆங்கிலேய அணி, ஹோண்டா எந்திரம் பொருத்திய வண்டியொன்றைக் களத்தில் இறக்கியது. அதனை ஓட்ட அமர்த்தப்பட்டவர் இருவர். பிரெஞ்சு நாட்டினரான அலென் புரோஸ்ட், முன்னரே இருமுறை உலகப் பட்டம் வென்றவர். டயரையும் எரிபொருளையும் கணக்குப் பார்த்துச் செலவிடும் இயல்பினர். வேகமாகச் செல்வது போலவே தோன்றாமல் வேகமாகச் செல்வார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். பிரேசில் நாட்டினரான அயர்ட்டன் சென்னா இளையவர். ஒற்றைச் சுற்றில் வண்டியின் முழு ஆற்றலையும் பிழிந்தெடுப்பதில் அவருக்கு நிகரில்லை. அவ்வாண்டு நடைபெற்ற 16 பந்தயங்களில் 15ஐ இவ்விருவருமே பங்கிட்டுக்கொண்டனர்: சென்னாவுக்கு 8, புரோஸ்டுக்கு 7.

மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் புரோஸ்ட் 105, சென்னா 94. ஆனால் பட்டம் சென்னாவுக்கே சென்றது! ஓர் ஓட்டுநரின் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே கணக்கிற் கொள்ள வேண்டும் என்பது அந்நாளைய விதி. அவ்வாறு கழித்தபின் சென்னா 90, புரோஸ்ட் 87. இரண்டாம் இடங்களை ஓயாது திரட்டி வைத்த புரோஸ்டுக்கு அச்சேமிப்பு பயன்படவில்லை. அவ்விதி 1991இல் கைவிடப்பட்டது.

வளைவுகளைப் பற்றிச் சிறிது அறிந்தாலன்றி இனி நிகழ்ந்தது விளங்காது. நேர்ப்பாதையில் விரைவது எந்திரத்தின் வேலை; ஓட்டுநரின் திறமை வெளிப்படுமிடம் வளைவே. வளைவை நெருங்குபவர் பாதையின் வெளியோரத்திலிருந்து புகுந்து, வளைவின் நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கே விலகிச் செல்வார். இவ்வாறு செல்லின் வளைவின் கூர்மை குறைந்து, வேகம் மிகுதியாக எஞ்சும். அனைவரும் அத்தடத்திலேயே செல்வதால் அங்கு டயரின் ரப்பர் படிந்து பிடிப்பு உண்டாகிறது. தடத்துக்கு அப்பால் புழுதியே மிகுதி. முந்த விரும்புபவர் இந்நற்றடத்தை விட்டு உள்ளோரத்தில் நுழைந்து, முன்னவரினும் தாமதமாகப் பிரேக்கை அழுத்த வேண்டும். ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தால் வண்டி வளைவுக்குள் நில்லாது; முந்தினால் இடம் கிடையாது. முன்னவர் கண்ணாடியிற் கண்டு வழிவிடுவாரா, காணாதவர்போல் திரும்பிவிடுவாரா என்பதையும் அதே கணத்தில் ஊகித்தாக வேண்டும். பின்தொடரும் வண்டிக்கு வேறோர் இடரும் உண்டு. தரையோடு வண்டியை அழுத்திப் பிடிப்பது அதன் சிறகுகளின்மேற் பாயும் காற்றேயாதலால், முன்செல்லும் வண்டி கலக்கிவிட்ட காற்றில் அவ்வழுத்தம் குறைந்து பின்னது வழுக்கத் தொடங்கும்.

ஜப்பானிலுள்ள சுசுகா பாதை இவ்வித்தைகள் அனைத்துக்கும் தேர்வுக்கூடம் எனலாம். ஹோண்டா நிறுவனம் தன் வண்டிகளைச் சோதிப்பதற்கென்று 1962இல் திறந்த பாதை அது. வரைந்தவர் ஹூகன்ஹோல்ட்ஸ் என்னும் டச்சுக்காரர். நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதை தன்னையே ஒரு பாலத்தின்வழிக் கடந்து எட்டு என்னும் எண்ணின் வடிவிற் செல்கிறது. தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் இறக்கத்தில் வலப்புறம் திரும்பும் வேக வளைவு. அதன்பின் பாம்பு நெளிவது போன்ற வளைவுகளின் தொடர். இறுதிப் பகுதியில் 130ஆர் எனப்படும் இடப்புற வளைவு, 130 மீட்டர் ஆரம் கொண்டமையால் இப்பெயர் பெற்றது. அவ்வளைவை மிகு வேகத்திற் கடந்த உடனேயே, வேகத்தைத் தணிப்பதற்கென்று அமைத்த சிக்கேன் குறுக்கிடுகிறது. வலமும் இடமுமாக ஒட்டினாற்போல் அமைந்த இரட்டை வளைவுக்கே சிக்கேன் என்று பெயர். மிகு வேகத்திலிருந்து மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டிய இடமாதலின், முந்துவதற்கு அதுவே வாய்ப்பான இடம், மோதுவதற்கும் அதுவே.

1989ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில் பகை முளைத்தது. தொடக்கத்தில் யார் முந்துகிறாரோ, முதல் வளைவில் மற்றவர் அவரை முந்த முயலக்கூடாது என இருவரும் தமக்குள் உடன்பாடு செய்திருந்தனர். முதற் தொடக்கத்தில் சென்னா முந்தினார்; புரோஸ்ட் பின்தொடர்ந்தார். நான்காம் சுற்றில் ஃபெராரி ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் வண்டி டம்புரெல்லோ என்னும் வளைவில் சுவரில் மோதித் தீப்பற்றியது. தீயணைப்போர் சில நொடிகளில் விரைந்து காத்தமையால் அவர் கைகளில் காயத்தோடு உயிர் பிழைத்தார். பந்தயம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியது. இம்முறை புரோஸ்ட் முந்தினார். ஆனால் டோசா என்னும் வளைவை அடையுமுன் சென்னா அவரைக் கடந்து சென்றுவிட்டார், வெற்றியும் பெற்றார்.

வாக்குத் தவறிவிட்டார் என்றார் புரோஸ்ட். உடன்பாடு முதற் தொடக்கத்துக்கு மட்டுமா, மறு தொடக்கத்துக்கும் உரியதா? பிரேக்கே தேவைப்படாத டம்புரெல்லோவை வளைவெனக் கொள்வதா, டோசாவைத்தான் முதல் வளைவெனக் கொள்வதா? முந்துதல் வளைவுக்கு முன்னரே தொடங்கிவிட்டால் அது மீறலாகுமா? அலுவலகத்தில் ஒப்பந்த வாசகங்களை மொழிபெயர்க்கும்போது, இத்தகைய ஐயம் ஒன்று தோன்றினாலே கோப்பு மேசைக்கு மேசை நடக்கத் தொடங்கும். இவர்களோ எழுதிவைக்காமல் வாய்ச்சொல்லாகவே பேசி முடித்தனர். அன்று முதல் இருவரிடையே பேச்சு வார்த்தை அருகிற்று. ஆண்டின் நடுவிலேயே, தாம் அணியை விட்டு விலகப் போவதாகப் புரோஸ்ட் அறிவித்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சுசுகாவில் பந்தயம். பட்டம் பெறச் சென்னா எஞ்சிய இரண்டு பந்தயங்களிலும் வென்றாக வேண்டிய நிலை. தொடக்கத்தில் புரோஸ்ட் முந்திச் சென்றார். சென்னா சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். இறுதிச் சுற்றுகள் நெருங்கிய வேளையில், 130ஆர் வளைவைக் கடந்து சிக்கேனை அடையும் இடத்தில் வலப்புற உள்ளோரத்தில் நுழைந்தார். புரோஸ்ட் வலப்புறம் திரும்பினார். இரு வண்டிகளும் சக்கரங்கள் பின்னிக்கொண்டு, அணைத்தாற்போல் பாதை நடுவே நின்றன. புரோஸ்ட் இறங்கி நடந்தார். சென்னாவோ பணியாளரைத் தள்ளச் சொல்லி எந்திரத்தை உயிர்ப்பித்து, சிக்கேனை ஒட்டிய தப்பு வழியாகப் புறப்பட்டு, உடைந்த முன்மூக்கை மாற்றிக்கொண்டு, பெனட்டன் அணியின் நானினியையும் முந்தி முதலாவதாக வந்து சேர்ந்தார். ஆனால் வெற்றி மேடையில் அவரைக் காணோம். சிக்கேனைச் சுற்றாது விட்டமையால் தகுதியிழந்தார் என அதிகாரிகள் முடிவு செய்தனர். பட்டம் புரோஸ்டுக்கு உறுதியாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. தம் அணி ஓட்டுநர் ஒருவர் பட்டம் பெற ஏதுவான அம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள் மக்லாரன் அணியினரே! முறையீடு தள்ளுபடியானதோடு சென்னாவுக்கு 1,00,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. மோதலுக்குக் காரணம் யார் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கையில், வளைவு வருமுன்னரே புரோஸ்ட் திரும்பத் தொடங்கினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இனி வழிவிடுவதில்லை என்று அவர் முன்னரே கூறியிருந்ததும் உண்டு. எனினும் அது மெதுவான இடம். இருவருக்கும் ஊறு நேரவில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை அவ்வாறு எளிதில் விட்டுவிட இயலாது. 1990இல் புரோஸ்ட் ஃபெராரி அணியில் இருந்தார். கொட்டகைப் பகை அணிப் பகையாக வளர்ந்தது. அக்டோபர் 21இல் மீண்டும் சுசுகா. இம்முறை புள்ளிகளில் முன்னிற்பவர் சென்னா. புரோஸ்ட் பந்தயத்தை முடிக்காவிடின் பட்டம் சென்னாவுக்கு. தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற சென்னாவின் நிற்குமிடம் பாதையின் வலப்புறம், அதாவது புழுதி படிந்த பக்கம். தடத்தின் பக்கமாக அதை மாற்றித் தருமாறு கேட்டார், கோரிக்கை ஏற்கப்படவில்லை. பச்சை விளக்கு எரிந்ததும், நற்றடத்திலிருந்த புரோஸ்ட் எதிர்பார்த்தபடியே முந்தினார். முதல் வளைவில் சென்னா வேகத்தைக் குறைக்கவில்லை. 200 கிலோமீட்டருக்கு மிகுந்த வேகத்தில் இரு வண்டிகளும் மோதிச் சரளையிற் புதைந்தன. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்துகொண்டிருந்தன. உயிர்ச்சேதமின்றி முடிந்தது நற்பேறு. மறு ஆண்டு மூன்றாம் முறை பட்டம் வென்றபின், வழிவிடுவதில்லை என்று துணிந்தே அவ்வளைவில் நுழைந்ததாகச் சென்னாவே ஒப்புக்கொண்டார். சுழற்சியில் தமக்கு நேர்ந்த அநீதி உண்மையேயாயினும், அதற்கு ஈடாகப் பிறர் உயிரையும் பணயம் வைக்க அவருக்கு யார் உரிமை தந்தனர் என நாம் கேட்காதிருக்க முடியவில்லை.

இத்தகைய இணைகள் பின்னரும் தோன்றின. 2007இல் அதே மக்லாரன் அணியின் அலோன்சோவும் ஹாமில்டனும் தமக்குள் மல்லுக்கட்டி ஆளுக்கு 109 புள்ளிகள் பெற, ஃபெராரியின் ராய்க்கோனன் 110 பெற்றுப் பட்டத்தைக் கொண்டுபோனார். வளைவு ஒன்று பந்தயத்தையே கலைத்த கதையும் உண்டு. 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியனாபோலிசில், சாய்வாக உயர்த்திக் கட்டிய இறுதி வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அவற்றைப் பூட்டியிருந்த 14 வண்டிகளும் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்தவர் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர். அவருக்கு முன்னே மூன்றாவதாக வந்தவர், அவருடைய ஜோர்டன் அணித் தோழர் மொன்டைரோவே.

புரோஸ்ட் 1993இல் நான்காம் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அவ்வாண்டின் இறுதிப் பந்தயத்தில், அடிலெய்டு நகரின் வெற்றி மேடையில், சென்னா அவரைத் தம்மருகே இழுத்து அணைத்துக்கொண்டார். பகைவர் விலகியபின் சென்னாவுக்கு அவர் இல்லாமை உறைத்தது போலும். 1994ஆம் ஆண்டு இமோலா பந்தயத்தின்போது, பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக வண்டியை ஓட்டியவாறே வானொலி வழியே பேசுகையில், நண்பர் அலெனுக்கு வாழ்த்துக் கூறி, அவரில்லாத குறை தோன்றுகிறது என்றார்.

மே மாதம் முதல் நாள், பந்தயத்தின் ஏழாம் சுற்றில், பெர்கர் எரிந்து பிழைத்த அதே டம்புரெல்லோ வளைவில் சென்னாவின் வண்டி 300 கிலோமீட்டர் வேகத்தில் பாதையை விட்டு விலகிச் சுவரில் மோதியது. அன்றே அவர் உயிர் நீத்தார். சான் பாவ்லோ நகரில் அவருடைய பேழையைச் சுமந்தவர்களுள் புரோஸ்டும் ஒருவர்.

பெர்கர் பின்னர் ஒரு செய்தி கூறினார். அச்சுவரை அப்பால் தள்ளிவைக்க வழியுண்டா என்று பார்ப்பதற்காகத் தாமும் சென்னாவும் முன்பு அவ்விடத்துக்கு நடந்து சென்றதாகவும், சுவருக்குப் பின்னால் ஆறு ஓடுவதைக் கண்டு, ஒன்றும் செய்வதற்கில்லை எனத் திரும்பியதாகவும் அவர் சொன்னார். 1995இல் ஆற்றையும் சுவரையும் தொடாமல், வளைவை முறித்து, மெதுவான சிக்கேனாக மாற்றிவிட்டனர்.