வால்முனைக் காவலர்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் ஏறத்தாழ 1,25,000 வானூர்திப் பணியாளர்கள் பணியாற்றினர். அனைவரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். அவர்களுள் 55,573 பேர் உயிரிழந்தனர். இவ்வெண்ணுக்குப் பின்னுள்ள வாழ்வை உணர, அவர்களுள் ஒருவரான நிக்கலஸ் ஆல்கமேடு என்னும் 21 வயது இளைஞரின் அனுபவம் துணைசெய்யும்.

எழுவர் குழு

ஆல்கமேடு பறந்த லங்காஸ்டர், நான்கு எஞ்சின்களைக் கொண்ட கனரகக் குண்டுவீச்சு வானூர்தி. விமானி, பொறியாளர், வழிகாட்டுநர், குண்டு குறிபார்ப்பவர், வானொலி இயக்குநர், சுடுநர் இருவர் என எழுவர் அதில் செல்வர். பயிற்சி நிலையத்தின் பெருங்கொட்டகையில் இளைஞர்களை ஒன்றுகூட்டி, தத்தம் குழுவைத் தாமே அமைத்துக்கொள்ளுமாறு விட்டுவிடுவது வழக்கம். முன்பின் அறியாதவர்கள் சிறிது நேரம் பேசிப் பார்த்து, தம் உயிரை ஒருவரிடம் ஒருவர் ஒப்படைத்தனர். 30 தாக்குதல் பயணங்களை முடித்தால் ஒரு சுற்றுப் பணி நிறைவுறும். அந்த எண்ணை எட்டும் முன்பே பலர் மாண்டனர்.

வால்முனைத் தனிமை

ஆல்கமேடு பின்கோபுரச் சுடுநர். மற்ற அறுவரும் முன்னும் நடுவிலும் இருக்க, அவர் மட்டும் வானூர்தியின் வால்முனையிலுள்ள சிறு கூண்டில், கடந்துவந்த இருளை நோக்கியவாறு அமர்ந்திருப்பார். அங்கே குளிர் சில வேளைகளில் சுழியத்திற்குக் கீழ் 40 பாகை வரை செல்லும். மின்சாரத்தால் வெப்பமூட்டப்படும் உடையும் உயிர்வளி முகமூடியும் இன்றி அவ்வுயரத்தில் பணியாற்ற இயலாது. சுடுவதைக் காட்டிலும் காண்பதே அவரது முதற்கடமை. தொலைவில் தோன்றும் ஒரு நிழலைக் காணத் தவறினால் எழுவரும் அழிய நேரிடும். அக்கூண்டில் வான்குடையை அணிந்துகொள்ள இடமில்லை. அதனைக் கூண்டுக்கு வெளியே, வானூர்தியின் உடற்பகுதியில் வைத்திருப்பர்.

வீழ்ச்சி

1944 மார்ச் 24 இரவு 811 வானூர்திகள் பெர்லினைத் தாக்கப் புறப்பட்டன. கடுங்காற்று அவற்றைத் திசைமாற்றிச் சிதறடித்தது. குண்டுவீசித் திரும்பும் வழியில், ஆல்கமேடு இருந்த வானூர்தியை ஜெர்மானியப் போர் வானூர்தி ஒன்று தாக்கியது. தீப்பற்றியதும் குதிக்குமாறு விமானி ஆணையிட்டார். வான்குடையை எடுக்கக் கூண்டின் கதவைத் திறந்த ஆல்கமேடு, அது தீக்கு இரையாகியிருப்பதைக் கண்டார். எரிந்து இறப்பதைவிட வீழ்ந்து இறப்பது மேல் என முடிவுசெய்து, கூண்டைத் திருப்பிப் பின்புறமாக வெளியே விழுந்தார். அப்போது உயரம் ஏறத்தாழ 5,500 மீட்டர்.

நினைவு திரும்பியபோது அவர் பைன் மரங்களுக்கிடையே பனியில் கிடந்தார். மரக்கிளைகள் அவர் விழும் வேகத்தைக் குறைத்திருந்தன. அடியிலிருந்த பனி அவரைத் தாங்கியிருந்தது. தீக்காயங்களும் காலில் சுளுக்குமே பெருந்துன்பம் தந்தன; எலும்பு முறியவில்லை. நடக்க இயலாததால் ஊதலை ஊதி உதவி கேட்டார். ஜெர்மானியர் அவரைச் சிறைப்பிடித்தனர்.

சான்று

வான்குடையின்றி விழுந்ததாக அவர் கூறியதை எவரும் நம்பவில்லை. அதனை எங்கோ மறைத்துவிட்டு வந்த ஒற்றர் என ஐயுற்றனர். அவர் அணிந்திருந்த வார்களை ஆராய்ந்தபோது, வான்குடை விரிந்தால் அறுந்திருக்க வேண்டிய தையல் இழைகள் அறுபடாமல் இருந்தன. வானூர்தியின் சிதைவுகளில் எரிந்துபோன வான்குடையின் உலோகக் கைப்பிடியும் கிடைத்தது. அதன் பின்னரே அவர் கூற்று உண்மையென ஏற்கப்பட்டது. போர் முடியும்வரை கைதியாக இருந்து நாடு திரும்பிய ஆல்கமேடு, 1987-இல் காலமானார்.

எண்ணும் உயிரும்

அவரது குழுவில் விமானி உள்ளிட்ட நால்வர் அன்றிரவே மாண்டனர். பெர்லினுக்குச் சென்றவற்றுள் 72 வானூர்திகள் திரும்பவில்லை. மாண்டவர்கள் திறமையிலோ துணிவிலோ ஆல்கமேடுக்குக் குறைந்தவர்கள் அல்லர். அவரைக் காத்த கிளையும் பனியும் அவர்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

குண்டுகள் விழுந்த நிலத்தில் இருந்தவர்களையும் இங்கு மறத்தல் ஆகாது. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரின் மீது நடந்த தாக்குதல்களில் மட்டும் 35,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாத பொதுமக்கள்.

இலண்டன் கிரீன் பூங்காவில் 2012-இல் குண்டுவீச்சுப் பிரிவினருக்கான நினைவகம் திறக்கப்பட்டது. பயணம் முடித்துத் திரும்பிய ஒரு குழுவினராக ஏழு வெண்கலச் சிலைகள் அங்கே நிற்கின்றன. பறந்தவர்களை மட்டுமன்றி, 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் அந்நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.