கல்கி அவதாரமும் சாது பரித்ராணமும்

தசாவதாரங்களுள் இனி நிகழவிருப்பது கல்கி அவதாரம். கலியின் முடிவில் சம்பள கிராமத்தில் விஷ்ணுயசஸ் என்னும் அந்தணரின் திருமாளிகையில் எம்பெருமான் அவதரித்துத் தீயோரை மாய்ப்பான் என்று ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் நான்காம் அம்சம் கூறும். தேவதத்தம் என்னும் குதிரையையும் திருக்கையில் ஏந்திய வாளையும் ஸ்ரீபாகவதத்தின் பன்னிரண்டாம் ஸ்கந்தம் எடுத்துரைக்கும்.

இங்கு ஒரு சங்கை எழும். உலகைப் படைப்பதும் துடைப்பதும் சங்கல்ப மாத்திரத்தாலே செய்யவல்லவனுக்குத் துஷ்டரை அழிக்க அவதாரம் எதற்கு? கீதையின் நான்காம் அத்யாயத்தில் அவதார ப்ரயோஜனம் சொல்லும் ச்லோகத்துக்கு எம்பெருமானார் அருளிச்செய்த பாஷ்யமே இதற்குப் பரிஹாரம். அவனைக் காணாத நொடிப்பொழுதும் பல்லாயிரம் கல்பமாய்த் தோன்றத் தளர்ந்திருப்போரே அங்குச் சாதுக்கள். தன் வடிவையும் சேஷ்டிதங்களையும் காட்டி அவர்களைத் தரிக்கச் செய்வதே பரித்ராணம். இது சங்கல்பத்தால் முடியாது, வந்தே தீரவேண்டும்.

கல்கி விஷயத்திலும் இது பொருந்துமோ எனில், பொருந்தும். வாள் வீச்சோடு புராணம் நின்றுவிடவில்லை. எஞ்சிய மக்களின் நெஞ்சம் ஸ்படிகம்போல் தெளியும். அவர்களே க்ருதயுகத்துக்கு வித்தாவர் என்று பராசரர் கூறுகிறார். வாஸுதேவனின் திருமேனிச் சந்தனத்தைத் தீண்டிவந்த காற்றாலேயே நெஞ்சம் தூய்மையாகும் என்பது பாகவதம். ஆக, சங்காரம் வழி, தெளிவே பயன்.

இனி, காலம் பற்றிய கேள்வி. கலியுகம் 4,32,000 ஆண்டுகள். கழிந்தவை 5,100க்குச் சற்று மேல். ஆகவே, “கல்கி வந்துவிட்டார்” என்றும், “நானே கல்கி” என்றும் அவ்வப்போது எழும் பேச்சுகள் சாஸ்த்ரக் கணக்குக்கு ஒவ்வாதவை. அப்படியாயின் இன்று வாழும் நமக்கு இவ்வவதாரத்தால் ஆவது என்?

திருமங்கையாழ்வார் விடை தருகிறார். பெரிய திருமொழி எட்டாம் பத்தில், திருக்கண்ணபுரத்தைப் பாடும் எட்டாம் திருமொழியின் நிகமனப் பாசுரத்தில், மீன் முதலான அவதாரங்களைத் தொகுத்துக் கற்கியையும் சேர்த்துப் பத்தாக்குகிறார். பலராமனை எண்ணுவதால் அங்குப் புத்தனுக்கு இடமில்லை. கற்கியாகப் போகிறவனை ஆகிவிட்டவனாக இறந்தகாலத்தால் சொல்லுகிறார். ஐயமற்ற தெளிவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறுவதைக் காலவழுவமைதி என்பர் இலக்கண நூலார். ஆழ்வாருக்கு அந்தத் தெளிவு வந்த இடம் அர்ச்சை. கற்கியாய் வருமவன் கண்ணபுரத்தில் கண்ணுக்கு இலக்காய் முன்னமே நிற்கிறான்.

காணாமல் தரியாதார்க்குக் காட்சி கொடுப்பதே அவதாரப் பயன் எனில், அதற்காக யுக முடிவுவரை காத்திருக்க வேண்டா. அர்ச்சாவதாரத்தில் அது இன்றே கிடைக்கிறது.