இருபத்தோரு ஆண்டு காத்திருக்கும் புட்டி

இங்கிலாந்தில் குழந்தை பிறந்தால், அந்த ஆண்டின் விண்டேஜ் போர்ட் ஒயின் வெளிவரும்போது வாங்கி வீட்டு நிலவறையில் படுக்க வைப்பது சில குடும்பங்களின் பழைய வழக்கம். பிள்ளைக்கு 21 வயதானதும் விருந்தினர் நடுவே அதைத் திறப்பார்கள்.

இந்த ஒயின் போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கில் உருவாவது. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துவிடுவதால் இனிப்பு மிஞ்சி நிற்கும். மிகச் சிறந்த அறுவடை வாய்த்த ஆண்டுகளில் மட்டுமே விண்டேஜ் என அறிவிப்பார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே வடிகட்டாமல் புட்டியில் அடைத்துவிடுவதால், முதிர்ச்சியெல்லாம் புட்டிக்குள்தான்.

அதனால் அடியில் வண்டல் தங்கும். விருந்துக்கு ஒரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டல் இறங்கியதும் கண்ணாடிக் குடுவைக்குள் மெல்ல இறுத்து ஊற்ற வேண்டும். கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி வெளிச்சம் இருந்தால் கலங்கல் வருவது தெரியும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும்.

மிகப் பழைய புட்டியில் கார்க் உதிர்ந்துபோகும். அதற்கு ஓர் அருமையான உபாயம் உண்டு: பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைச் சற்று நேரம் பற்றி, உடனே ஈரத்துணியால் தொடுவார்கள். கண்ணாடி வட்டமாக விண்டு, கார்க்கோடு கழன்றுவிடும். பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை இது!

மேசையில் குடுவை இடப்பக்கமாகவே கைமாறிச் செல்லும். திறந்த பழைய போர்ட்டின் மணம் ஓரிரு நாளில் மங்கத் தொடங்கும் என்பதால், அன்றே எல்லோருமாகக் குடித்து முடிப்பார்கள்.