மஞ்சள் நிறம் சொல்லும் செய்தி: பெரியவர்களிலும் பச்சிளங் குழந்தைகளிலும் செங்கண்மாரி

கண் மஞ்சளித்துவிட்டால் எமது கிராமங்களில் உடனே இரண்டு வேலைகள் தொடங்கும். எண்ணெய், உப்பு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் பிடிப்பார்கள். கீழ்காய்நெல்லி தேடி ஒருவர் வயல்வரம்புக்குப் போவார். சிலர் தண்ணீர் ஓதுவிக்கவும் நூல் கட்டவும் போவதுண்டு. இரண்டு மூன்று கிழமையில் பலருக்குச் சுகம் வந்துவிடும். அதே கண் மஞ்சளுடன் இன்னும் சிலர் ஒரு கிழமைக்குள்ளேயே இறந்துபோகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

செங்கண்மாரி, மஞ்சட் காமாலை என்று நாம் சொல்வது ஒரு தனி நோயின் பெயரல்ல. பல நோய்கள் வெளியே காட்டும் ஓர் அடையாளம் அது. காய்ச்சல் எப்படிப் பல காரணங்களால் வருகிறதோ, அப்படியே கண் மஞ்சளிப்பதும் பல காரணங்களால் வரும். காரணத்துக்கு ஏற்ப ஆபத்தும் கூடும், குறையும்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு வைத்தியசாலை தூரம்; பஸ் காசு இல்லை; ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. இந்தக் கஷ்டத்தை நாம் அறிவோம். ஆகவே எந்த மஞ்சளுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவர்களுக்கே மிகவும் அவசியம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

எமது இரத்தத்திலுள்ள செங்கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து பின் சிதைகின்றன. சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. ஈரல் இதை இரத்தத்திலிருந்து எடுத்து, கரையக்கூடியதாக மாற்றி, பித்தத்துடன் குடலுக்கு அனுப்புகிறது. எமது மலத்துக்கு நிறம் கொடுப்பது இதுவே.

விவசாயிக்கு இதைக் குளத்தையும் வாய்க்காலையும் கொண்டு விளக்கலாம். வயலில் தண்ணீர் மிஞ்சி நிற்க மூன்று காரணங்கள் இருக்கலாம். வரும் தண்ணீர் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். மடை பழுதாகியிருக்கலாம். வடியும் வாய்க்கால் அடைபட்டிருக்கலாம். உடலிலும் இப்படியே. செங்கலங்கள் பெருமளவில் சிதைந்தால் ஈரலுக்கு வேலை மிஞ்சிவிடும். கிருமியாலோ மதுவாலோ ஈரல் பழுதானால் அதன் வேலை நடக்காது. பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தால் பித்தம் குடலுக்குப் போகாது. மூன்றிலும் பிலிரூபின் இரத்தத்தில் தேங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும்.

எப்படிப் பார்ப்பது?

பெரியவர்களில் முதலில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். குப்பி விளக்கு வெளிச்சத்திலோ தறப்பாள் கொட்டிலுக்குள்ளோ பார்த்து முடிவு சொல்லாதீர்கள். தறப்பாளின் நிறம் தோலில் விழுந்து கண்ணை ஏமாற்றும். வெளியே, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பப்பாப்பழமும் கரட்டும் அதிகம் உண்பவர்களின் உள்ளங்கை மஞ்சளாவதுண்டு. அவர்களின் கண் வெள்ளையாகவே இருக்கும். அது செங்கண்மாரி அல்ல.

அடுத்து சிறுநீரையும் மலத்தையும் கவனியுங்கள். சிறுநீர் வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் போவது ஈரல் அல்லது பித்தக் குழாய்க் கோளாறைக் காட்டும். பலருக்குக் கண் மஞ்சளிக்க ஒன்றிரண்டு நாள் முன்பே இது தெரியும். மலம் வெளிறிக் களிமண் போலப் போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். இவற்றை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படக் கூடாது. அவருக்கு அது பெரிய உதவி.

தண்ணீரால் வரும் செங்கண்மாரி

முகாம்களில் கூட்டமாகப் பலருக்கு வருவது பெரும்பாலும் ஈரலழற்சி 'ஏ' என்ற வைரசுக் கிருமியால். நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, கிணற்று நீர், கை, ஈ, உணவு வழியாக இன்னொருவரின் வாய்க்குப் போகிறது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் இலட்சக்கணக்கான மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் நெருக்கமாக வாழ வேண்டி வந்தபோது இந்நோய் அங்கே பரவியது.

கிருமி உட்சென்று ஏறத்தாழ நான்கு கிழமையின் பின்னரே நோய் தெரியும். முதலில் காய்ச்சல், களைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, ஓங்காளம், வலது விலாவின் கீழ் நோவு ஆகியன வரும். பிறகு சிறுநீர் கறுத்துக் கண் மஞ்சளிக்கும். மஞ்சளிப்பதற்கு முந்திய இரண்டு கிழமையிலேயே கிருமி அதிகம் வெளியேறும். சிறு பிள்ளைகளில் பலருக்கு மஞ்சள் தோன்றுவதேயில்லை. ஆனாலும் அவர்கள் மூலம் நோய் பரவும். ஆகவே கண் மஞ்சளித்தவரை ஒதுக்கி வைப்பதால் மாத்திரம் பரவுதலைத் தடுக்க முடியாது. எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் கொதித்தாறிய நீர் குடிப்பதுமே வழி.

இதே வழியில் பரவும் ஈரலழற்சி 'ஈ' என்ற இன்னொரு வகை உண்டு. மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் தானே மாறும். கர்ப்பிணிகளுக்கு, விசேடமாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிராபத்தாகலாம். கர்ப்பிணியின் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வயலில் இருந்து வரும் செங்கண்மாரி

நெல் விவசாயிகள் எல்லாவற்றுக்கும் மேலாகப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீரிலும், மாடு, எருமை போன்றவற்றின் சிறுநீரிலும் உள்ள கிருமி சேற்று நீரில் கலந்து, கால் கைகளிலுள்ள காயம், வெடிப்பு வழியாக உட்புகும். 2008இல் இலங்கை முழுவதிலும் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவானது. 2024 மார்கழியில், வெள்ளத்தின் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் பலர் அடுத்தடுத்து இறந்தபோதும் பரிசோதனையில் தெரியவந்தது எலிக்காய்ச்சலே.

வயலில் இறங்கி இரண்டு நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோவு, பீளையில்லாமல் கண் சிவத்தல் என்பன வந்தால் சந்தேகிக்க வேண்டும். எல்லோருக்கும் கண் மஞ்சளிப்பதில்லை. மஞ்சளித்தால் நோய் முற்றி ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது என்று அர்த்தம். சிறுநீர் குறைந்து போவது மிகப் பெரிய எச்சரிக்கை. இந்த நிலையில் பத்தியம் பிடித்துக் காத்திருப்பது உயிரை விடுவதற்குச் சமம். நேரத்துக்குப் போனால் சாதாரண நுண்ணுயிர் கொல்லி மருந்துகளால் மாற்றக்கூடிய நோய் இது. "நான் வயலில் நின்றவன்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். காலபோகம் தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். ஆபத்து உள்ள இடங்களில் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. ஈரலழற்சி 'பீ' இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றும். ஒரே கோப்பையில் உண்பதால் தொற்றாது. இதற்கான தடுப்பூசி 2003 முதல் எமது நாட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. கசிப்பும் சாராயமும் வருடக்கணக்கில் ஈரலை அரித்துவிடும். வயது போனவருக்கு நோவு இல்லாமல் மஞ்சள் மெல்ல மெல்லக் கூடி உடல் மெலிந்தால் பித்தக் குழாயில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பத்தியமும் மருந்தும்

ஈரலழற்சி 'ஏ'க்கு என்று தனி மருந்து இல்லை. ஓய்வும் உணவும் போதும். பெரும்பாலும் அது தானாகவே மாறும் நோய். ஆகவேதான் எந்த வைத்தியம் செய்தாலும் அந்த வைத்தியத்தால் சுகம் வந்ததாகத் தோன்றுகிறது. முன்னோர் தந்த மூலிகை அறிவை நாம் இகழவில்லை. வைத்தியசாலையில் காரணத்தைக் கண்டறிந்த பின் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு எதையும் எடுங்கள் என்றே சொல்கிறோம்.

கடும் பத்தியம் நோயாளியை மேலும் பலவீனமாக்கும். சோறு, பருப்பு, மீன், முட்டை, பழம் எதையும் விலக்கத் தேவையில்லை. ஓங்காளம் இருந்தால் கொழுப்பைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். மதுவை முற்றாக நிறுத்த வேண்டும். காய்ச்சலுக்கு வாங்கும் பரசிற்றமோல் குளிசை அளவு மிஞ்சினால் அதுவே ஈரலைக் கெடுக்கும். கண் மஞ்சளித்தவர் வைத்தியரைக் கேளாமல் அதை விழுங்கக் கூடாது.

பச்சிளங் குழந்தையின் மஞ்சள்

பிறந்த குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேர் அளவில் முதற் கிழமையில் சற்று மஞ்சளிப்பார்கள். மாதம் நிறையாமல் பிறந்தவர்களில் இது பத்துக்கு எட்டு. குழந்தையின் செங்கலங்கள் அதிகமாகச் சிதைகின்றன; ஈரலோ இன்னும் முழு வேலைக்குத் தயாராகவில்லை. இந்தச் சாதாரண மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, நாலாம் ஐந்தாம் நாளில் கூடி, இரண்டு கிழமைக்குள் மறையும்.

அப்படியென்றால் ஏன் பயப்பட வேண்டும்? பிலிரூபின் அளவுக்கு மிஞ்சினால் குழந்தையின் மூளைக்குள் புகுந்துவிடும். உயிர் தப்பினாலும் காது கேளாமையும் கை கால் இயக்கக் குறைபாடும் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். இது தடுக்கக்கூடிய துன்பம். நேரத்துக்குப் போவதே தடுப்பு.

தாயையும் பிள்ளையையும் இருட்டறையில் வைத்திருக்கும் வழக்கத்தில் மஞ்சள் கண்ணில் படுவதில்லை. தினமும் ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பிள்ளையைப் பாருங்கள். நெற்றியையோ மூக்கு நுனியையோ விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தால் அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தால் அளவு மிகக் கூடிவிட்டது.

நாளை எண்ணுவது முக்கியம். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தோன்றும் மஞ்சள் ஒருபோதும் சாதாரணமல்ல. தாயின் இரத்த வகையும் பிள்ளையின் இரத்த வகையும் பொருந்தாமல் செங்கலங்கள் சிதைவதால் அது வரலாம். இரண்டு கிழமை கடந்தும் மஞ்சள் நின்றால் பரிசோதிக்க வேண்டும். அத்துடன் மலம் வெள்ளையாகவும் சிறுநீர் மஞ்சளாகவும் போனால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை இரண்டு மாதம் கடக்குமுன் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

தாய்ப்பால் இங்கே பெரிய மருந்து. சீம்பால் குடிக்கும் பிள்ளையின் முதல் கறுப்பு மலம் விரைவாகக் கழியும். அதனுடன் பிலிரூபினும் போகும். நாளொன்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுங்கள். சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் வேண்டாம். பிள்ளையின் உடுப்புகளுக்குள் பூச்சி உருண்டை போடாதீர்கள். சில பிள்ளைகளின் செங்கலங்களை அதன் ஆவியே சிதைத்துவிடும்.

"வெயிலில் பிடித்தால் போதாதா?" என்று தாய்மார் கேட்பார்கள். 1956இல் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் மஞ்சள் குறைந்திருப்பதை ஒரு தாதி கவனித்தார். அதிலிருந்தே இன்றைய ஒளிச் சிகிச்சை பிறந்தது. ஆனால் வைத்தியசாலையின் நீல ஒளி அளந்து கொடுக்கப்படுவது. வெயிலை அளக்க முடியாது. பிள்ளைக்குத் தோல் கருகலாம், உடல் வரளலாம், நேரமும் வீணாகும்.

தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

பெரியவர்களில்:
– மஞ்சளுடன் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, சிறுநீர் குறைதல்
– மயக்கம், குழப்பமான பேச்சு, பகலில் ஓயாத தூக்கம்
– இரத்தக் கசிவு, கறுப்பு மலம், நிற்காத வாந்தி
– கர்ப்பிணிக்கு எந்த அளவு மஞ்சள் ஆனாலும்

குழந்தையில்:
– முதல் 24 மணித்தியாலத்தில் மஞ்சள்
– உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சள்
– பால் குடிக்காமை, எழுப்ப முடியாத தூக்கம், சோர்வு
– கீச்சென்ற அழுகை, உடலை வில்லாக வளைத்தல்
– இரண்டு கிழமை கடந்த மஞ்சள், வெள்ளை மலம்

வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம்.

நாம் சேர்ந்து செய்யக்கூடியவை

இடம் மாறும்போது பதிவுகள் தொலைந்துபோகின்றன. புதிய இடத்துக்குப் போனதும் கர்ப்பிணியும் பிள்ளை பெற்ற தாயும் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதியாவிட்டால் அவருக்கு உங்கள் கொட்டில் எதுவென்று தெரியாது. தாயின் இரத்த வகை எழுதிய அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துங்கள்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் அழுக்கு நீர் விரைவாகக் கிணற்றைச் சேரும். அங்கே தூரம் இன்னும் கூட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் கிணற்றுக்குக் குளோரீன் இடுவியுங்கள். ஒரே முகாமில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளித்தாலே அவருக்குச் சொல்லிவிடுங்கள். விறகு தட்டுப்பாடான இடத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய பானையில் குடிநீரைக் கொதிக்க வைக்கலாம். நீர் குமிழ் விட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும்.

நிலத்தை இழந்து, வீட்டை இழந்து வந்த குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் செல்வம் உடல் நலமும் பிள்ளைகளுமே. கண் மஞ்சளித்தால் பத்தியத்தை யோசிக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளை மஞ்சளித்தால் நாளை எண்ணுங்கள். இதைப் படித்தவர்கள் படிக்கத் தெரியாத அயலவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.