பொலிஸ் வேடமும் போர்க்கள நினைவும்

நாடகத்திலோ, கதையிலோ, பலர் கூடி வேடம் பூண்டு ஆடும் விளையாட்டிலோ பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைப் படைக்க முற்படுவோர், அவர் முன்னர் இராணுவத்திற் பணியாற்றியவர் என்று கூறிவிடுவது பெருவழக்கு. துணிவு, கட்டுப்பாடு, குறி தவறாத கை ஆகிய யாவும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுமென அவர்கள் எண்ணுகின்றனர். ஆயின் போர்வீரரின் தொழில் வேறு; பொலிஸாரின் தொழில் வேறு.

1829ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பொலிஸ் சேவையை நிறுவிய சேர் றொபேட் பீல் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தார். இராணுவமே தெருவில் இறங்கிவிட்டதென மக்கள் அஞ்சாதிருக்கும் பொருட்டு, படைவீரரின் சிவப்பு அங்கிக்குப் பதிலாகப் பொலிஸாருக்கு நீல அங்கி அணிவிக்கப்பட்டது. கையிலே மரத்தடி கொடுக்கப்பட்டது. முதல் ஆணையாளர்களாக இருவர் நியமனம் பெற்றனர். ஒருவர் வாட்டர்லூப் போரிற் பங்குபற்றிய சாள்ஸ் றோவன். மற்றவர் சட்டத்தரணி றிச்சட் மேன். படையின் ஒழுங்கும் சட்டத்தின் வரம்பும் இவ்வாறு அருகருகே அமர்த்தப்பட்டன.

போர்க்களத்தில் எதிரே நிற்பவன் பகைவன். தெருவில் எதிரே நிற்பவனோ குடிமகன். குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி. அவனை உயிருடன் நீதிமன்றத்தில் நிறுத்துவதே பொலிஸாரின் வெற்றி. ஆகவே, படையிலிருந்து வந்த ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியதைப் போலவே மறக்க வேண்டியதும் நிறைய உண்டு. பாத்திரத்துக்கு உயிர் பிறப்பது அவ்விடத்திலேதான்.

துப்பறியும் இலக்கியத்தில் இதற்கு நல்ல சான்றுகள் உள. 1887இல் கொனன் டொயில் அறிமுகஞ் செய்த வைத்தியர் வொட்சன் பொலிஸ்காரரல்லர். எனினும் படைப் பின்னணியை எவ்வாறு அமைப்பதென்பதை அவரிடங் கற்கலாம். 1880ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் மைவந்த் போரிலே தோளிற் குண்டு பாய்ந்தவர். பின்னர் குடற்காய்ச்சலால் நலிந்தவர். வெயிலிற் கறுத்த முகத்தையும் விறைத்த இடக்கையையும் கண்டே ஷேர்லொக் ஹோம்ஸ் அவரது வரலாற்றை ஊகிக்கிறார். வீரப்பேச்சு எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

சாள்ஸ் ரொட் என்னும் புனைபெயரில் தாயும் மகனும் எழுதி 1996இல் தொடங்கிய கதைவரிசையின் நாயகர், ஸ்கொட்லாந்து யார்ட் இன்ஸ்பெக்டர் ரட்லெஜ். 1916ஆம் ஆண்டு சொம் போர்முனையில், மீண்டும் வீரர்களைத் தாக்குதலுக்கு அழைத்துச்செல்ல மறுத்த ஹாமிஷ் என்பவன் இவருடைய கட்டளையாற் சுடப்பட்டான். 1919இல் கடமைக்குத் திரும்பிய இன்ஸ்பெக்டரின் காதில் அவன் குரல் ஓயாது ஒலிக்கிறது. முதற்கதையில், போரதிர்ச்சியால் மனங்கலங்கிய ஒருவனே முக்கிய சாட்சி. அவனை விசாரிக்கும்போது தம்முடைய நிலையையே அவர் எதிரிற் காண்கிறார். பழைய போர் இப்போதைய விசாரணையைத் தொடுவதனாலேயே அப்பின்னணி பயன்பெறுகிறது.

ஆதலின், இத்தகைய வேடத்தைப் புனைவோர் சில வினாக்களுக்கு விடை தேடிக்கொள்ளல் நன்று. அவர் எந்தப் போரில், என்ன பணி புரிந்தார்? சமையற்கூடத்தில் இருந்தவரும், செய்தி அனுப்பியவரும், காயம் கட்டியவரும் படையினரே. எந்தப் பழக்கம் அவரை விட்டகலவில்லை? எந்தக் கட்டளையை நினைத்து இன்றும் உறக்கமிழக்கிறார்? விடைகளை முதற்காட்சியிலேயே கொட்டிவிட வேண்டியதில்லை. கூட்டத்தின் முன்னே தடியை ஓங்கிய கை ஒரு கணம் தயங்கித் தாழுமாயின், அவர் எங்கிருந்து வந்தவர், இப்போது யாராக இருக்க முயல்கிறார் என்பதைக் காண்போர் தாமே உணர்ந்துகொள்வர்.