பட்டம் பெறும் முன்னரே ஆய்வரங்கில்



கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ தங்கள் இல்லத்தில் இருப்பின், 'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் தங்களுக்கு என்ன தோன்றும்? முதலில் இளநிலைப் பட்டம், பின்னர் முதுநிலை, அதன் பின்னர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு, அப்பொழுதுதான் ஆராய்ச்சி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வந்துள்ளோம். இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய இளைஞர்கள் சிலரைப் பற்றித் தங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அவர்கள் பணியாற்றிய துறைக்குப் 'பரிணாமக் கணிமை' என்று பெயர். பெயரைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மனிதன் எவ்வாறு தோன்றினான் என்னும் விவாதத்தில் இத்துறை தலையிடுவதில்லை. உயிரியலிலிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொண்டு, கணினியின் துணையால் கடினமான கணக்குகளுக்கு விடை தேடும் முறை இது, அவ்வளவே. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹாலண்ட் 1975இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

முறை எளிது. கண்ணை மூடிக்கொண்டு நூறு விடைகளை எழுதுமாறு கணினியைப் பணிக்கிறோம் எனக் கொள்ளுங்கள். ஏறத்தாழ எல்லாமே தவறாகத்தான் இருக்கும். எனினும் சில விடைகள் மற்றவற்றைவிடச் சற்றே குறைவாகத் தவறியிருக்கும். அவற்றுக்கு மதிப்பெண் கூடுதல். மதிப்பெண் மிகுந்தவற்றுள் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின் பகுதியை மற்றொன்றில் பொருத்தி, ஆங்காங்கே சிறு மாறுதலும் செய்து, அடுத்த தலைமுறை நூறு விடைகள் ஆக்கப்படும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தொடரும். எது நல்ல விடை என்னும் அளவுகோலை முன்கூட்டியே வகுத்துத் தருபவர் மனிதரே என்பதை மறந்துவிட வேண்டாம். 2006 மார்ச்சில் நாசா ஏவிய மூன்று சிறு செயற்கைக் கோள்களில் இம்முறையால் வடிவமைக்கப்பெற்ற ஆன்டெனா பொருத்தப்பட்டிருந்தது. வளைந்து கோணிய கம்பித் துண்டு போன்ற அதன் உருவத்தை எந்தப் பொறியாளரும் தாமாக வரைந்திருக்க மாட்டார்.

இனி மாணவர்களிடம் வருவோம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மோரிஸ் என்னும் சிற்றூரில் ஒரு வளாகம் உண்டு. இளநிலைப் படிப்புக்கான வளாகம் அது. அங்குப் பேராசிரியராயிருந்த நிக் மெக்ஃபீ தம் மாணவர் இருவருடன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். இரு விடைகளின் பகுதிகளை மாற்றிப் பொருத்துகிறோமே, அதனால் உண்மையில் ஏதேனும் பயன் விளைகிறதா? கேள்வி எளியதுதான், ஆனால் அந்த மாற்றிப் பொருத்தலே இம்முறையின் உயிர்நாடி எனக் கருதப்பட்டு வந்தது. ஒரு கணக்கில் ஒரு பகுதி சுழியால் பெருக்கப்படும் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்விடத்தில் ஐந்தை எடுத்துவிட்டு ஐயாயிரத்தை வைத்தாலும் விடை மாறுமா? இத்தகைய வீண் மாற்றங்களை அவர்கள் எண்ணிக் கணக்கிட்டனர். தங்கள் சோதனைகளில் பெரும்பாலும் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றங்களால் உடனடிப் பயன் எதுவும் விளைய வழியே இல்லை என்று கண்டனர். 2008இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கூடிய ஐரோப்பிய மாநாட்டின் கட்டுரைகளுள் இது இடம்பெற்றது. பெரியோர் பலர் நம்பியிருந்த கருவியை இளைஞர்கள் தட்டிப் பார்த்து, அதன் ஓசை சரியில்லை என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே ஆண்டில் அட்லாண்டா நகரில் 'ஜெக்கோ' மாநாடு கூடியது. 1999 முதல் நடைபெற்று வரும் இம்மாநாடு இத்துறையின் பெரிய கூட்டங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் இளநிலை மாணவர்களுக்கென்றே தனி அரங்கும் அங்கு நடத்தப்பட்டதுண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியும் முதுநிலை வகுப்புகள் இல்லாத கல்லூரியே. அதன் பேராசிரியர் லீ ஸ்பெக்டர், கல்லூரியைச் சேர்ந்த இளைஞர்கள், ஒரு கணித அறிஞர் ஆகியோர் கூட்டாக ஒரு கட்டுரை அளித்தனர். எடுத்துக்கொண்ட பொருள் அல்ஜீப்ரா. (ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே இவ்வாறு வழங்குகிறது என்பதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.) ஒரு சில உறுப்புகளே கொண்ட கணம், அவற்றை இணைக்கும் வாய்பாடு ஒன்று, அவ்வாய்பாட்டை மட்டும் கொண்டு குறிப்பிட்ட பண்புடைய கோவை ஒன்றைக் கட்ட வேண்டும். பழைய வழிகளில் தேடினால் காலம் மிக நீளும். அன்றேல் கிடைக்கும் கோவை அளவுமீறிப் பெரிதாகிவிடும். பரிணாம முறை அவ்வழிகள் ஒவ்வொன்றையும் காலத்திலோ கோவையின் அளவிலோ பன்மடங்கு விஞ்சியது. மனிதத் திறனுக்கு ஈடான முடிவுகளுக்கென 2004 முதல் அம்மாநாட்டில் வழங்கப்பட்டுவரும் பரிசில், அவ்வாண்டின் தங்கம் இக்குழுவினருக்குக் கிடைத்தது.

பரிசைவிட, அரங்கில் நிற்பதே பெரிய சோதனை என்பேன். இம்முறை தற்செயல் எண்களை நம்பி இயங்குவதாகும். இன்று ஓட்டினால் ஒரு விடை, நாளை ஓட்டினால் வேறொரு விடை. ஆகவே அரங்கில் எழத்தக்க முதற்கேள்வி, "எத்தனை முறை ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்பதே. வெற்றி கண்ட ஒரு நாளை மட்டும் காட்டி, தோற்ற பல நாட்களை மறைப்பது இங்குப் பெருங்குற்றம். வெறும் குருட்டுத் தேடல் இதைவிட எவ்வளவு மோசமாகச் செய்தது என்பதையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஹாம்ப்ஷயர் குழுவினர் அதையும் செய்திருந்தனர். கடையில் விலைகொடுத்து வாங்கிய இறுதியாண்டு 'புராஜெக்ட்' இத்தகைய கேள்விக்கு ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது.

செலவு மிகுதியோ என்று தாங்கள் கேட்கலாம். அயல்நாட்டு மாநாட்டுக்குச் செல்லும் விமானக் கட்டணம் கனமானதுதான், மறுப்பதற்கில்லை. ஆய்வின் செலவோ வேறு. ஹாம்ப்ஷயர் குழுவினர் கையாண்ட மென்பொருள்களுள் ஒன்று 'இசிஜே'. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான அது இலவசமாகவே கிடைக்கிறது. எழுதப்பட்ட மொழி ஜாவா. நம் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பிள்ளைகள் தேர்வுக்காகப் படிக்கும் அதே ஜாவா. தொடக்கநிலைக் கணக்குகளை வீட்டிலுள்ள சாதாரணக் கணினியிலேயே இரவில் ஓடவிட்டு, காலையில் விடையைப் பார்த்துக்கொள்ளலாம்.