நீங்களும் ஒரு மொழி படைக்கலாம்

பிரிஞ்சாங்கில் மூடுபனி இறங்கிவிட்டால், தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குறுகலான மலைச் சடக்கில் எதிரே வரும் லாரி கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் சத்தம்தான் முதலில் வரும். முன்னால் நடப்பவர் திரும்பி, "லாரி வருது, ஓரமா நில்லு" என்பார். அவர் லாரியைக் கண்ணால் பார்த்தாரா? சத்தத்தை மட்டும் கேட்டாரா? வளைவில் நின்ற வேறொருவர் சொன்னதை நமக்குச் சொல்கிறாரா? "லாரி வருது" என்ற வாக்கியத்தில் இதற்கு விடை இல்லை.

பார்த்ததற்கு ஒரு வினைமுற்று, கேட்டதற்கு இன்னொன்று, பிறர் சொல்லி அறிந்ததற்கு மூன்றாவது என்று ஒரு மொழி இருந்தால் எப்படி இருக்கும்? மாணவர்களே, இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாலே நீங்கள் புதுமொழி படைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

விளையாட்டில் பிறந்த கிளிக்கி

மொழி என்பது தானாக வளர்வது, அதை யாரும் உட்கார்ந்து உருவாக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்த தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் கூட்டம் பேசும் மொழி நினைவிருக்கிறதா? அது வெறும் கூச்சல் அல்ல. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கி என்ற மொழி அது.

அதன் வேர் ஒரு விளையாட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், கார்க்கி சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலையும் செய்தார். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட்டாக ஒரு நூறு சொற்கள் கொண்ட மொழியை உருவாக்கினார். இயக்குநர் ராஜமௌலி தம் படத்துக்கு ஒரு மொழி வேண்டும் என்றபோது, அந்த விளையாட்டு கைகொடுத்தது.

கிளிக்கியில் 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. எதிரெதிராக நிற்கும் இரண்டு பொருள்களுக்கு ஒரே சொல்லின் இரண்டு முகங்கள். இப்படி ஒரு விதி இருந்தால் பாதிச் சொற்களைப் படைத்தாலே மீதிப் பாதி கிடைத்துவிடும். 2020 பிப்ரவரி 21, அனைத்துலகத் தாய்மொழி நாளன்று, எழுத்து வடிவத்தோடும் 3,000-க்கும் மேற்பட்ட சொற்களோடும் கிளிக்கி மக்களின் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது.

கதை இல்லாத மொழி

கார்க்கிக்கு முன்னோடிகள் உண்டு. போலந்தின் பியாலிஸ்டாக் நகரில் வளர்ந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப், நான்கு மொழி பேசுவோர் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்வதைப் பார்த்து வருந்தியவர். எல்லாருக்கும் பொதுவாக, எளிதில் கற்கும்படி ஒரு மொழியை உருவாக்கி 1887-இல் வெளியிட்டார். அதுதான் எஸ்பெராந்தோ. அதன் அடிப்படை இலக்கணம் 16 விதிகளில் அடங்கும். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். 'போனா' என்றால் நல்ல. முன்னால் 'மால்' சேர்த்து 'மால்போனா' என்றால் கெட்ட.

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் வேறு வழியில் போனார். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-இல் வெளிவரத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் மொழிகளைப் படைத்துக்கொண்டிருந்தார். பின்லாந்து மொழியின் ஓசையில் மயங்கி அவர் உருவாக்கியது குவென்யா. மொழி முதலில் பிறந்தது; அதைப் பேசுவதற்கு ஓர் இனமும், அந்த இனத்துக்கு ஒரு வரலாறும், அந்த வரலாற்றுக்குக் கதைகளும் பிறகு வந்தன.

டோல்கீன் ஒரு கடிதத்தில் கடுமையான கருத்து ஒன்றைச் சொன்னார். எஸ்பெராந்தோ போன்ற மொழிகள் வழக்கிழந்த பழைய மொழிகளைவிடவும் செத்தவை. ஏனென்றால் அவற்றைப் படைத்தவர்கள் அவற்றுக்கான தொல்கதைகளைப் படைக்கவில்லை என்பது அவர் வாதம். எஸ்பெராந்தோ பேசுவோர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் பாட்டும் நாவலும் நகைச்சுவையும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். வீட்டில் அந்த மொழியைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய பதிலும் டோல்கீன் சொன்னதைத்தான் உறுதிப்படுத்துகிறது. கதை முன்னால் வரலாம், பின்னால் வரலாம். வராமல் மட்டும் இருக்கக்கூடாது.

பாட்டி சொன்ன 'ஆம்'

இலக்கணத்துக்கும் நாட்டுப்புறக் கதைக்கும் என்ன தொடர்பு? நம் வீட்டிலேயே விடை இருக்கிறது. பாட்டி கதையை எப்படித் தொடங்குவார்? "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்." இருந்தான் என்று சொல்வதில்லை, இருந்தானாம். அந்த 'ஆம்' சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. 'இதை நான் நேரில் பார்க்கவில்லை, எனக்கு இப்படித்தான் சொன்னார்கள்' என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. தேர்வுக்கு விகுதிகளை மனப்பாடம் செய்கிறோம். ஒரு விகுதி இவ்வளவு வேலை செய்கிறது என்பதை நின்று பார்ப்பதில்லை.

துருக்கி மொழியிலும் இதே நுட்பம் இருக்கிறது. 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். அங்கே பாட்டிமார் கதையைத் தொடங்குவதும் இந்த 'மிஷ்' விகுதியில்தான். தென் அமெரிக்கப் பழங்குடி மொழிகள் சிலவற்றில், கண்டதா, கேட்டதா, ஊகித்ததா, பிறர் சொன்னதா என்பதைக் குறிக்காமல் வாக்கியத்தையே முடிக்க முடியாது. பொய்ச் செய்தி கைப்பேசியில் பறக்கும் இந்தக் காலத்தில் அப்படி ஓர் இலக்கணம் நமக்கும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது அல்லவா?

விலங்குகளைப் பாருங்கள். தமிழ் இலக்கணத்தில் நரி அஃறிணை. 'நரி வந்தது' என்பதே சரி. கதைக்குள் நுழைந்துவிட்டாலோ 'நரியார் சொன்னார்' என்று திணையே மாறிவிடுகிறது. மலாய்க் கதைகளில் வரும் சருகுமானை நாம் எல்லாரும் 'சாங் காஞ்சில்' என்றே அறிவோம். 'சாங்' என்பது மதிப்புத் தரும் அடைமொழி. காட்டில் புலியின் பெயரைச் சொல்லத் தயங்கிய மலாய்க்காரர்கள் அதைத் 'தோக் பெலாங்', அதாவது வரியுடைய தாத்தா என்று அழைத்தார்கள். ஒரு சமூகம் எதை மதித்தது, எதற்கு அஞ்சியது என்பதெல்லாம் இப்படித்தான் இலக்கணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிரிஞ்சாங்குக்கு ஒரு மொழி

இப்போது நாமே ஒன்றைப் படைத்துப் பார்ப்போம். மூடுபனிக்குள் வாழும் மக்கள் பேசும் மொழி. பெயர் லூமி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, ஒலி. எந்த ஒலிகள் இருக்கும், எவை இருக்காது என்று முடிவு செய்யுங்கள். லூமியில் எல்லா அசையும் உயிரொலியில் முடியும் என்று விதி வைப்போம். பனியில் தூரத்துக்குக் கூப்பிட வேண்டுமானால் நீட்டிச் சொல்ல உயிரொலி வேண்டுமே.

இரண்டாவது படி, சொல். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சொற்களை மட்டும் மாற்றினால் புதுமொழி ஆகாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் குழூஉக்குறி என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து, 'நாளை வா' என்பதைக் 'கநாகளை கவா' என்று பேசி விளையாடுவதும் உண்டு. இரண்டுமே தமிழ்தான், போர்வை மட்டும் வேறு.

மூன்றாவது படி, இலக்கணம். தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை. 'ஸ்டார் டிரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கோன் மொழியில் செயப்படுபொருள் முதலில், பயனிலை நடுவில், எழுவாய் கடைசியில். மனித மொழிகளில் மிக அரிதான வரிசை என்பதால்தான் வேற்றுக் கோளினருக்கு அதைக் கொடுத்தார். பெயர்களிலும் தேர்வு உண்டு. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு மலாயில் 'கித்தா', 'காமி' என்று இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. உங்கள் மொழியில் கேட்பவரைச் சேர்ப்பீர்களா, ஒதுக்குவீர்களா?

லூமிக்கு நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியையே விதியாக்குவோம். 'கொரு' என்றால் லாரி. 'நாலி' என்றால் வா. கண்ணால் கண்டதற்கு 'க', காதால் கேட்டதற்கு 'லோ', பிறர் சொன்னதற்கு 'மு'. 'கொரு நாலிக' என்றால் லாரி வருவதைப் பார்த்துவிட்டேன். 'கொரு நாலிலோ' என்றால் சத்தம் கேட்கிறது. 'கொரு நாலிமு' என்றால் லாரி வருகிறதாம்.

நான்காவது படி, கதை. மூடுபனி ஒரு பாட்டி. தேயிலைச் செடிகளுக்குக் குளிருமே என்று மலையுச்சியில் உட்கார்ந்து போர்வை நெய்தாளாம். மாலையில் போர்த்திவிடுவாளாம். காலையில் சூரியன் வந்து மடித்து வைப்பானாம். இதுவரை எல்லாம் 'மு'. கடைசி வாக்கியம் மட்டும் மாறுகிறது: 'இன்று காலை அந்தப் போர்வையின் நூல் ஒன்று எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் தொங்கியது.' அதற்கு 'க' போட வேண்டும். கதை சொல்கிறவர் 'நானே பார்த்தேன்' என்று ஒரே அசையில் சவால் விடுகிறார். இலக்கணத்தால் ஒரு கதை முடிகிறது.

முன்பே படைத்தவர்கள்

இவ்வளவும் எதற்கு என்று வீட்டில் கேட்கலாம். தமிழுக்கே நேரமில்லை, இதில் லூமியா என்பார்கள். மொழி படைக்க முயன்ற பிறகு எஸ்.பி.எம். தமிழ்த் தேர்வின் இலக்கணப் பகுதியைத் திறந்து பாருங்கள். வேற்றுமை உருபும் திணையும் பாலும் யாரோ எடுத்த முடிவுகளாகத் தெரியத் தொடங்கும். மொழிப் புதிர்களை அவிழ்க்கும் அனைத்துலக மொழியியல் ஒலிம்பியாட் போட்டி 2003 முதல் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நடக்கிறது. மொழியியல் பல்கலைக்கழகத்தில் படிக்கக்கூடிய ஒரு துறை.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. நம் தோட்டப்புறத்து முன்னோர் ஒரு வகையில் மொழி படைத்தவர்கள். இரப்பர் மரத்துக்கு அவர்கள் கொண்டுவந்த தமிழில் சொல் இல்லை. மலாயின் 'கெத்தா'வை எடுத்துக் 'கித்தா' ஆக்கினார்கள். வேற்றுமை உருபைச் சேர்த்துக் 'கித்தாவுக்கு', 'கித்தாவை' என்று தமிழாகவே புழங்கினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, குடியிருந்த லயம், வேலை வாங்கிய தண்டல், கணக்கு எழுதிய கிராணி என்று ஒரு முழு உலகத்துக்கே சொற்கள் வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போன பிறகு, இந்தச் சொற்களுக்கு வேலை இல்லாமல் போனது. பெரட்டு என்றால் என்ன என்று இன்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

டோல்கீன் படைத்த மொழிகளுக்கு அவர் ஒருவர் உட்கார்ந்து கதை எழுத வேண்டியிருந்தது. இந்தச் சொற்களுக்குக் கதை ஏற்கெனவே இருக்கிறது. சொல்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே, வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் புதுமொழியின் சொற்களை எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தோட்டத்துச் சொற்களை எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லோடும் அவர்கள் சொல்லும் கதையையும் சேர்த்து. அந்தக் கதையை நீங்கள் மறுபடி சொல்லும்போது 'ஆம்' போட்டுச் சொல்வீர்கள், ஏனென்றால் நீங்கள் அதைப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னவரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியும். லூமியில் அதற்கு 'க'.